மின்சாரம் திரும்பியதும் மெயில் சர்வர் எழுமா?

நள்ளிரவில் மின்சாரம் போகிறது. யுபிஎஸ் பேட்டரி தீர்ந்ததும் சர்வரும் அணைந்துவிடுகிறது. விடியற்காலையில் மின்சாரம் வந்தவுடன், பயாஸில் அப்படிச் சொல்லி வைத்திருந்தால், கணினி தானே எழுந்துகொள்ளும். அதோடு மெயில் சர்வரும் எழுந்து கடிதங்களை வாங்கத் தொடங்குமா? அல்லது காலையில் அலுவலகம் திறந்து யாராவது "மெயிலே வரலையே" என்று சொல்லும்வரை படுத்தே கிடக்குமா? மெயில் சர்வரைச் சொந்தமாக நடத்தும் எவரும் ஒருநாள் சந்தித்தே தீரவேண்டிய கேள்வி இது.

இன்றைய லினக்ஸில் இதற்கு ஒரு வரி விடை உண்டு: மெயில் சர்வர் போஸ்ட்ஃபிக்ஸ் என்றால், 'சிஸ்டம்சிடிஎல் எனேபிள் போஸ்ட்ஃபிக்ஸ்' என்ற கட்டளை. பல வழிகாட்டிகள் அந்த வரியோடு முடித்துக்கொள்கின்றன. அந்த ஒரு வரிக்கு வந்து சேர யுனிக்ஸ் உலகத்துக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. வந்து சேர்ந்த பிறகும் பாதிப் பிரச்சினை தீரவில்லை. தானாகத் தொடங்க வைப்பது சுலபம். தொடங்கிய சர்வர் கடிதத்தை வாங்கவும் அனுப்பவும் கூடிய நிலையில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் தனித்தனியே எடுத்துப் பார்க்கலாம்.

தாமதம் தாங்கும் அஞ்சல்

முதலில் ஒரு ஆறுதல். சர்வர் சற்று நேரம் படுத்துக் கிடந்தால் கடிதம் தொலைந்துபோகாது. மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 821 ஆவணமாக எழுதினார். அந்தக் காலத்தில் இணைப்புகள் அறுந்து அறுந்துதான் கிடைத்தன. அதனால், எதிர்முனை பதில் தராவிட்டால் அனுப்புபவர் கடிதத்தை வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயல வேண்டும் என்பது இதன் அடிப்படையிலேயே இருக்கிறது. 2008இல் வந்த ஆர்எஃப்சி 5321 இதற்குக் கணக்கும் சொல்கிறது: ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது 30 நிமிடம் விடுவது நல்லது, கைவிடுவதற்கு முன் குறைந்தது 4, 5 நாட்கள் முயல வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே 5 நாள் வைத்திருக்கிறது.

ஆகவே பூட் ஆவதற்குப் பத்து நிமிடம் கூடுதலாகப் பிடித்தால் குடிமுழுகிவிடாது. ஆனால் இந்தப் பொறுமைக்கு இன்னொரு முகமும் உண்டு. அனுப்பியவருக்கு உடனே பிழைச்செய்தி போகாததால், பெறும் சர்வர் கிடப்பில் இருப்பது வெளியே யாருக்கும் தெரிவதில்லை. சென்ட்மெயில் என்ற பழைய மெயில் சர்வர் இயல்பில் 4 மணி நேரம் கழித்துத்தான் 'தாமதமாகிறது' என்று அனுப்பியவருக்கு எச்சரிக்கை தரும். போஸ்ட்ஃபிக்ஸில் அந்த எச்சரிக்கையும் இயல்பாக முடக்கப்பட்டே இருக்கும். நீண்ட விடுமுறைக்கு முந்தின மாலையில் விழுந்த சர்வரை ஐந்து நாள் யாரும் கவனிக்காவிட்டால், ஆறாம் நாள் கடிதங்கள் திரும்பிப் போகத் தொடங்கும். மேலும் இந்த வரிசை வெளியிலிருந்து வரும் கடிதங்களுக்கு மட்டுமே கைகொடுக்கும். உள்ளேயிருந்து அனுப்ப முயலும் ஊழியருக்கும், ஐமேப் வழியாகப் பெட்டியைத் திறப்பவருக்கும் சர்வர் இல்லையென்றால் இல்லைதான்.

ஆர்சி முதல் சிஸ்டம்டி வரை

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில், 1983இல் பிஎஸ்டி யுனிக்ஸோடு வெளிவந்தது. அங்கே கணினி எழும்போது ஓடுவது 'ஆர்சி' என்ற ஒரே ஷெல் ஸ்கிரிப்ட். சென்ட்மெயிலை எழுப்பும் வரியும் அதற்குள்ளேயே இருந்தது. பின்னணியில் நின்று இணைப்புகளுக்குக் காத்திரு, அரை மணிக்கு ஒருமுறை வரிசையைக் கிளறிப் பார் என்ற இரண்டு கட்டளைகளைத்தான் அந்த வரி தாங்கியிருந்தது. எளிய ஏற்பாடு. ஆனால் மேலிருந்து கீழாக ஓடும் ஸ்கிரிப்டில் ஒரு வரி சிக்கிக்கொண்டால் அதற்குக் கீழே உள்ள எல்லாம் காத்துக்கிடக்கும்.

சிஸ்டம் ஃபைவ் யுனிக்ஸ் இதைப் பிரித்தது. ஒவ்வொரு சேவைக்கும் தனி ஸ்கிரிப்ட், ஒவ்வொரு இயக்கநிலைக்கும் தனிக் கோப்புறை, வரிசையைச் சொல்லப் பெயரிலேயே ஒரு எண். ரெட்ஹாட் லினக்ஸில் நெட்வொர்க்குக்கு 10, சென்ட்மெயிலுக்கு 80. எண்ணில் சிறியது முதலில் எழும். நெட்வொர்க் எழுந்த பிறகே மெயில் எழ வேண்டும் என்ற உறவு அந்த இரண்டு எண்களுக்குள் மறைந்து கிடந்தது. ஆனால் எது எதை நம்பியிருக்கிறது என்று எங்கும் எழுதியிருக்காது. எண்ணைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும் தெரியும். டெபியன் லினக்ஸ் 2011இல் வெளியிட்ட ஆறாம் பதிப்பில் இதை மாற்றியது. ஸ்கிரிப்டின் தலைப்பில் 'எனக்கு நெட்வொர்க் வேண்டும், பெயர்ச் சேவை வேண்டும், லாக் வேண்டும்' என்று எழுதிவைத்தால், அதைப் படித்து வரிசையைக் கணினியே போட்டுக்கொள்ளும்.

இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு ஓட்டை இருந்தது. எழுப்பிவிட்டதோடு வேலை முடிந்தது; பத்து நிமிடம் கழித்து மெயில் சர்வர் விழுந்தால் கேட்பாரில்லை. அந்த ஓட்டையை அடைத்தவர் கியூமெயில் என்ற மெயில் சர்வரை எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டைன். அவருடைய டீமன்டூல்ஸ் தொகுப்பில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு காவலாளி நிரல் உண்டு. சேவை விழுந்ததும் அதுவே மீண்டும் எழுப்பும். அந்தக் காவலாளிகளை எழுப்பும் நிரலைத் தாய்ச் செயல்முறையான இனிட் நேரடியாகப் பார்த்துக்கொள்ளும். இன்றைய அமைப்புகளில் நாம் இயல்பாக எடுத்துக்கொள்ளும் கண்காணிப்பு யோசனை தொண்ணூறுகளின் மெயில் சர்வர் உலகத்தில் முன்பே நடைமுறையில் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பழைய இனிட்டின் இடத்தைப் பிடிக்கும் புதிய அமைப்புகள் பிறகு வந்தன. ஆப்பிள் 2005இல் லாஞ்ச்டியைக் கொண்டுவந்தது. உபுண்டு 2006இல் அப்ஸ்டார்ட்டை எடுத்துக்கொண்டது. லெனார்ட் போட்டரிங்கும் கே சீவர்ஸும் 2010இல் சிஸ்டம்டியை அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே அது ஃபெடோராவில் ஏறியது. 2014இல் ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் 7, 2015இல் டெபியனும் உபுண்டுவும். டெபியனின் தொழில்நுட்பக் குழு 2014இல் இது குறித்து வாக்கெடுத்தபோது குழு சரிபாதியாகப் பிரிந்து, தலைவரின் வாக்கால்தான் முடிவு வந்தது. அதை ஏற்காதவர்கள் பிரிந்துபோய் டெவுவான் என்ற தனி வெளியீட்டையே தொடங்கினார்கள்.

இத்தனை சண்டைக்குப் பிறகு சிஸ்டம்டியின் 'எனேபிள்' என்ற கட்டளை செய்வது மிகச் சிறிய வேலை. கணினி எந்த நிலைக்கு எழ வேண்டுமோ அந்த நிலைக்கான கோப்புறையில் சேவைக் கோப்புக்கு ஒரு இணைப்பு போடுகிறது, அவ்வளவே. இப்போது அது எதையும் தொடங்குவதில்லை. அடுத்த பூட்டில்தான் பலன். 'ஸ்டார்ட்' கட்டளையோ இப்போது தொடங்கும், அடுத்த பூட்டுக்குப் பொறுப்பேற்காது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஸ்டார்ட் மட்டும் கொடுத்துவிட்டு, மாதக்கணக்கில் எல்லாம் ஓடி, முதல் மின்வெட்டில் மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம்.

எப்போதும் விழித்திருப்பதா, தேவைப்படும்போது எழுவதா?

பழைய யுனிக்ஸில் ஐநெட்டி என்ற ஒரே காவல் நிரல் எல்லாப் போர்ட்டுகளையும் பார்த்துக்கொண்டு, யாராவது தட்டினால் உரிய சர்வரை எழுப்பும். நினைவகம் விலையுயர்ந்த காலத்து ஏற்பாடு அது. மெயில் போக்குவரத்து கூடியதும், தட்டும் ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒரு செயல்முறையைத் தொடங்குவது கட்டுப்படியாகவில்லை.

ஐபிஎம் ஆய்வகத்தில் வீட்சே வெனெமா எழுதி 1998 இறுதியில் வெளியான போஸ்ட்ஃபிக்ஸ் நடுவழி ஒன்றைப் பிடித்தது. பூட்டின்போது தொடங்கப்படுவது 'மாஸ்டர்' என்ற ஒரே செயல்முறை. 25ஆம் போர்ட்டில் காத்திருப்பது அதுதான். இணைப்பு வந்தால் அதைக் கையாளச் சிறு நிரல்களை எழுப்புகிறது. வேலையில்லாமல் 100 விநாடி இருந்தாலோ, 100 இணைப்புகளைக் கவனித்துவிட்டாலோ அந்தச் சிறு நிரல் தானே ஓய்வெடுத்துக்கொள்ளும். ஒரு சிறு நிரல் எழுந்தவுடனே விழுந்தால், மாஸ்டர் ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி முயலும்.

மேக் கணினிகளில் ஆப்பிள் இதை இன்னும் ஒருபடி தள்ளியது. மேக்கில் போஸ்ட்ஃபிக்ஸ் இருந்தாலும் பூட்டில் எழாது. அனுப்பவேண்டிய கடிதம் விழும் கோப்புறையை லாஞ்ச்டி பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே கடிதம் விழுந்தால் மாஸ்டரை ஒரு நிமிடத்துக்கு எழுப்பும். கடிதம் அனுப்ப மட்டுமே வேண்டிய கணினிக்கு இது கச்சிதம். வெளியிலிருந்து கடிதம் வாங்கும் சர்வருக்கு இது உதவாது; அதற்குப் பூட்டிலேயே எழுந்து நிற்கும் மாஸ்டர்தான் வேண்டும்.

எழுந்தும் எழாத நிலை

சாமான் வந்து சேருமுன் அடுப்பைப் பற்றவைத்துவிட்ட சமையல்காரரின் நிலைதான் பல மெயில் சர்வர்களுக்குப் பூட்டின்போது நேர்கிறது. அது நம்பியிருக்கும் பொருட்களின் பட்டியல் நீளமானது.

முதலில் நெட்வொர்க். சிஸ்டம்டியில் 'நெட்வொர்க்' என்ற இலக்கும் 'நெட்வொர்க் ஆன்லைன்' என்ற இலக்கும் வெவ்வேறு. முன்னது நெட்வொர்க் நிர்வாகம் தொடங்கிவிட்டது என்று மட்டும் சொல்லும். ஐபி முகவரி கிடைத்துவிட்டதா என்பதைப் பின்னதுதான் ஓரளவு சொல்லும். எல்லா முகவரியிலும் கேட்கும்படி அமைத்த போஸ்ட்ஃபிக்ஸுக்கு இதனால் சிக்கல் வராது. ஒரு குறிப்பிட்ட முகவரியில் மட்டும் கேள் என்று அமைத்திருந்து, அந்த முகவரி இன்னும் வராத நொடியில் மாஸ்டர் எழுந்தால், போர்ட்டைப் பிடிக்க முடியாமல் அங்கேயே செத்துப்போகும்.

'விழுந்தால் மீண்டும் எழுப்பு' என்று அமைத்தால் போதுமே என்று தோன்றும். இங்கேதான் கணக்கு இடிக்கிறது. சிஸ்டம்டி இயல்பாக 100 மில்லி விநாடி இடைவெளியில் மீண்டும் எழுப்பும். 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் எழுப்ப மறுக்கும். ஒவ்வொரு முறையும் எழுந்த உடனே விழும் சேவை, சில நொடிகளுக்குள் ஐந்து வாய்ப்பையும் தீர்த்துவிடும். ரவுட்டர் எழுந்து முகவரி தருவதற்கு ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் சிஸ்டம்டி கைவிட்டுவிட்டிருக்கும். அதன் பிறகு நெட்வொர்க் வந்தும் பயனில்லை. மறுமுயற்சி இடைவெளியை 30 விநாடி என்று மாற்றினால் அந்த வரம்பை ஒருபோதும் தொடமாட்டோம். ஒரே வரி மாற்றம், பலன் பெரிது.

இரண்டாவது, பெயர்ச் சேவையான டிஎன்எஸ். டெபியனின் பல பதிப்புகளில் இதற்கென்றே ஒரு நுட்பமான கண்ணி உண்டு. பாதுகாப்புக்காக அங்கே போஸ்ட்ஃபிக்ஸின் பல பகுதிகள் தனக்கென்று அடைத்த ஒரு கோப்புறைக்குள் ஓடுகின்றன. வெளியே உள்ள எந்தக் கோப்பையும் அவை பார்க்க முடியாது. டிஎன்எஸ் சர்வர் எது என்று சொல்லும் 'ரிசால்வ் டாட் கான்ஃப்' கோப்பைக்கூட, தொடங்கும்போது உள்ளே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்கிறது. நெட்வொர்க் வருமுன் நகல் எடுத்திருந்தால் அது வெறும் கோப்பாகவோ பழைய கோப்பாகவோ இருக்கும். பிறகு என்ன நடக்கும்? சர்வர் ஓடும். கடிதத்தை வாங்கும். கட்டளை வரியில் நீங்கள் எந்தப் பெயரைத் தேடினாலும் சரியாக விடை வரும். ஆனால் வெளியே போகவேண்டிய ஒவ்வொரு கடிதமும் 'பெயரைக் கண்டறிய முடியவில்லை, பிறகு முயல்க' என்ற குறிப்போடு வரிசையிலேயே நிற்கும். "ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிடுது" என்று சொல்லி விட்டுவிடுகிற கோளாறுகளில் இது முக்கியமானது. ரீஸ்டார்ட் செய்யும்போது நகல் புதிதாக எடுக்கப்படுகிறது, அதனால்தான் சரியாகிறது. நெட்வொர்க் எழும்போது நகலைப் புதுப்பிக்கும் துணை ஸ்கிரிப்டுகளை டெபியன் தந்திருக்கிறது. நெட்வொர்க்கை வேறு கருவி நிர்வகித்தால் அவை ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, சேமிப்பிடம். கடிதப் பெட்டிகள் வேறொரு வட்டிலோ என்எஃப்எஸ் சர்வரிலோ இருந்து, அது இணையுமுன் மெயில் எழுந்தால், கடிதம் வெறும் கோப்புறைக்குள் விழும். வட்டு இணைந்ததும் அதன் அடியில் அந்தக் கடிதங்கள் மறைந்துபோகும். தொலைந்ததாகவே பயனர் நினைப்பார். சேவைக் கோப்பில் 'இந்த வட்டு இணைந்தால்தான் எழு' என்று ஒரு வரி சேர்ப்பதே இதற்கு மருந்து.

நான்காவது, கடிகாரம். ராஸ்ப்பெர்ரி பை போன்ற சிறு கணினிகளின் பழைய மாடல்களில் மின்சாரம் போனால் நேரத்தைக் காக்கும் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே அவை எழும். இணைய நேரம் வந்து சேரும்வரை, புதிதாக வழங்கிய டிஎல்எஸ் சான்றிதழ்கூட 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று தோன்றக்கூடும்.

ஐந்தாவது, மனிதர். டிஎல்எஸ் சாவிக்குக் கடவுச்சொல் போட்டு வைத்திருந்தால், விடியற்காலை நான்கு மணிக்கு அதைத் தட்ட யார் இருக்கிறார்கள்? அதனால்தான் போஸ்ட்ஃபிக்ஸின் ஆவணம் சாவிக் கோப்பைக் குறியாக்காமல், கோப்பு அனுமதியால் காக்கச் சொல்கிறது. முழு வட்டையும் குறியாக்கியவர்களுக்கும் இதே சிக்கல்தான். தொலைவிலிருந்து கடவுச்சொல் தர ஒரு வழி வைத்துக்கொள்ளாவிட்டால் கணினியே எழாது; மெயிலைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆறாவது, துணைச் சேவைகள். பயனர் பட்டியல் மைஎஸ்கியூஎலில், வைரஸ் சோதனை கிளாம்ஏவியில், கையொப்பம் இன்னொரு வடிகட்டியில் என்று இன்றைய மெயில் சர்வர் ஒரு கூட்டுக்குடும்பமாகிவிட்டது. கிளாம்ஏவி தன் வைரஸ் அடையாளங்களை நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளவே மெதுவான கணினியில் கணிசமான நேரம் எடுக்கும். அதுவரை வரும் கடிதத்தை என்ன செய்வது? இங்கே போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு நடத்தை பாராட்டத்தக்கது. வடிகட்டியோ தரவுத்தளமோ பதில் தராவிட்டால் 4இல் தொடங்கும் தற்காலிகப் பிழையைச் சொல்கிறது. அனுப்பியவர் பிறகு வருவார். 5இல் தொடங்கும் பிழையைச் சொல்லிவிட்டால்தான் ஆபத்து. 'அப்படி ஒரு பயனர் இல்லை' என்று கடிதம் அப்போதே திரும்பிப் போய்விடும்.

எழக்கூடாத சர்வர்கள்

தானாக எழுவது எப்போதும் நல்லதில்லை என்பதற்கு 1988 நவம்பர் 2 சாட்சி. கார்னெல் மாணவர் ராபர்ட் மோரிஸ் அவிழ்த்துவிட்ட புழு பரவிய வழிகளில் ஒன்று, சென்ட்மெயிலில் திறந்து விடப்பட்டிருந்த பிழைதிருத்த வசதி. தேவையோ இல்லையோ, பல கணினிகளில் சென்ட்மெயில் பூட்டிலேயே எழுந்து உலகத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தது. புழுவை விரட்டக் கணினியை அணைத்துப் போட்டவர்களுக்கும் நிம்மதியில்லை. அதே ஓட்டையோடு சர்வர் மறுபடி எழுந்ததால் புழுவும் மறுபடி வந்தது.

பாடம் மெதுவாகத்தான் ஏறியது. பின்னாளில் லினக்ஸ் வெளியீடுகள் மெயில் சர்வரை அந்தக் கணினிக்குள்ளிருந்து மட்டுமே கேட்கும்படி அமைத்தன. ஃபெடோரா 20, 2013இல் சென்ட்மெயிலை இயல்பு நிறுவலிலிருந்தே எடுத்தது. ஃப்ரீபிஎஸ்டி 2023இல் வந்த 14ஆம் பதிப்பில் சென்ட்மெயிலுக்குப் பதிலாக, வெளியிலிருந்து இணைப்பே வாங்காத ஒரு சிறு அனுப்பும் நிரலை இயல்பாக்கியது.

இதில் இன்றும் தீராத ஒரு வழக்கு உண்டு. டெபியனில் தொகுப்பை நிறுவிய கையோடு சேவை தொடங்கிவிடும், அடுத்த பூட்டுக்கும் பதிவாகிவிடும். ரெட்ஹாட் குடும்பத்திலோ பெரும்பாலான சேவைகளை நிர்வாகி சொல்லும்வரை தொடங்காது. மெயில் சர்வரைப் பொறுத்தவரை ரெட்ஹாட் வழியே சரி. அரைகுறையாக அமைத்த மெயில் சர்வர் ஒரு மணி நேரம் வெளியுலகுக்குத் திறந்திருந்தாலும் ஸ்பேம் அனுப்புவோர் கண்ணில் பட்டுவிடும்.

ஒரே கணினியில் இரண்டு மெயில் சர்வர்கள் பதிவாகியிருப்பதும் வழக்கமான குளறுபடிதான். 25ஆம் போர்ட் ஒன்றே; முந்தி எழுந்தது பிடித்துக்கொள்ளும். போஸ்ட்ஃபிக்ஸ் நிறுவியபோது பழைய சென்ட்மெயிலை முடக்காவிட்டால், ஒவ்வொரு பூட்டிலும் எது ஜெயிக்கும் என்பது அதிர்ஷ்டத்தின் கையில்.

விண்டோஸும் கண்டெய்னரும்

விண்டோஸில் இதே கேள்விக்கு 'சர்வீசஸ்' சாளரம் விடை சொல்கிறது: தானாக, தாமதித்துத் தானாக, கையால், முடக்கம். எக்ஸ்சேஞ்ச் சர்வர் ஆக்டிவ் டைரக்டரியை நம்பியிருப்பதால், அது கிடைக்கும்வரை எக்ஸ்சேஞ்சின் சேவைகள் தடுமாறும். இரண்டும் ஒரே மின்வெட்டில் விழுந்து ஒன்றாக எழும் சிறிய அலுவலகங்களில் இது கண்கூடு.

டாக்கரில் ஓடும் மெயில் சர்வருக்கு மறுதொடக்கக் கொள்கை என்று தனி அமைப்பு உண்டு. அதன் இயல்பு மதிப்பு 'வேண்டாம்'. அதை மாற்றாவிட்டால் பூட்டுக்குப் பின் கண்டெய்னர் எழாது. மாற்றினாலும், கம்போஸ் கோப்பில் 'தரவுத்தளத்துக்குப் பிறகு மெயில்' என்று எழுதிய வரிசை, டாக்கர் தானாகக் கண்டெய்னர்களை எழுப்பும்போது பின்பற்றப்படுவதில்லை.

பச்சை விளக்கை நம்பலாமா?

இனி சோதனை. டெபியனின் பல பதிப்புகளில் போஸ்ட்ஃபிக்ஸின் நிலையைக் கேட்டால் 'செயலில் உள்ளது, முடிந்துவிட்டது' என்று முரணான விடை பச்சை நிறத்தில் வரும். காரணம் எளிது. அந்தப் பெயரில் உள்ள சேவை வெறும் பொம்மை. எதுவும் செய்யாமல் வெற்றி என்று திரும்பும் கட்டளையைத்தான் அது ஓட்டுகிறது. நிஜ வேலையைச் செய்வது அதன் கீழுள்ள இன்னொரு சேவை. அது செத்துக் கிடந்தாலும் மேலே பச்சைதான்.

செயல்முறை உயிரோடு இருப்பதும் போதிய சான்றாகாது. 2022 ஜனவரி 1 அன்று உலகெங்கும் எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 சர்வர்களில் கடிதங்கள் வரிசையில் தேங்கின. சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. வைரஸ் சோதனைப் பகுதி தேதியை 2201010001 என்று ஒரே எண்ணாக வைத்துக்கொண்டது; 32 பிட் எண்ணின் உச்சவரம்பான 2147483647ஐ அது தாண்டியதால் அந்தப் பகுதி முடங்கியது. சேவைகளின் பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு எல்லாம் நலம்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் முடிவு தெளிவு. எழும் வரிசையைத் துல்லியமாகக் கட்டிவிடலாம் என்று நம்பி அமைத்த சர்வர், புதிதாக ஒரு துணைச் சேவை சேரும் நாளில் தடுமாறும். எந்த வரிசையில் எது எழுந்தாலும் பொறுத்து, மறுபடி முயன்று, தற்காலிகப் பிழை சொல்லிக் கடிதத்தைக் காப்பாற்றும்படி அமைத்த சர்வரே நிலைக்கும். எஸ்எம்டிபி இந்தப் பொறுமையை 1982 முதலே அனுப்புபவரிடம் கேட்டுப் பெற்றிருக்கிறது. பெறுபவரும் அதே பொறுமையோடு அமைத்துக்கொள்வதுதான் முறை.

மெயில் சர்வர் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மின்வெட்டு வந்து சோதிக்கும்வரை காத்திருக்காதீர்கள். வேலை குறைந்த ஒரு நாளில் நீங்களே கணினியை ரீபூட் செய்யுங்கள். கீபோர்டைத் தொடாமல் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு வேறொரு நிறுவனத்தின் மெயில் கணக்கிலிருந்து உங்கள் முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பி, வந்ததற்குப் பதிலும் போடுங்கள். இரண்டும் போய்ச் சேர்ந்தால்தான் உங்கள் சர்வர் தானாக எழுகிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.